கேள்வி எண் அறுபத்தொன்று

ஓபர்லிங்கன்,
அக்டோபர் 9, 2017

போர்த்துகல் தேசத்தின் போர்ட்டோ மாநகரில் கணினிகளை மிரட்டிப் பிழைக்கும் என் அன்பு மருமகள் டோர்லேவுக்கு,

ஜெர்மனியின் ஸ்வாபிய மலைநாட்டின் தலைசிறந்த பொய்யனும் உன் அம்மாவின் ஒரே அண்ணனுமாகிய எபர்ஹார்ட் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அது தனிக் குடியரசாகி இரண்டு மாதமாகிறது. நான் சொல்வதைக் கேட்பதில்லை. உங்கள் மென்பொருள் பட்டறையில் நீங்கள் ஐந்து பங்காளிகளும் இன்னும் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று உன் அம்மா ஹாம்பர்க்கிலிருந்து சொன்னாள். மகிழ்ச்சி.

மின்னஞ்சல் இருக்க இதென்ன தபால்தலைச் செலவு என்று நினைப்பாய். நம் அலுவலகத்தின் அஞ்சல் பெட்டிகளைப் பராமரிப்பவர் உன் அப்பா. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் யார் யாருக்கு எத்தனை அனுப்பினார்கள் என்று மாதக் கடைசியில் பட்டியல் எடுத்து, கோடு போட்டு, கோப்பில் வைப்பார். அந்தப் பட்டியலில் உன் பெயர் வருவதை நான் விரும்பவில்லை. ஏன் என்று கீழே வருகிறது.

விஷயம் இதுதான். உன் அப்பா ஆல்பிரெக்ட் எழுதிய மென்பொருள் கண்ணசைக்காமல் இந்த மாநிலத்தில் ஒரு பிரெட்சல் ரொட்டிகூட அடுப்பேறியதில்லை என்று முப்பத்தோரு வருடமாக நான் ஊரெல்லாம் அளந்துவிட்டு வந்திருக்கிறேன். அது பாதிதான் பொய். நாளைக்கு எந்தக் கடையில் எத்தனை ரொட்டி விற்கும் என்று அது சொன்னால் சொன்னதுதான். நூற்று நாற்பது பேக்கரிகள் அதை நம்பி மாவு பிசைந்தன. இப்போது தொண்ணூற்றாறு. போன மாதம் ஹேகலேவும் போய்விட்டார். ஆமாம், நம் முதல் வாடிக்கையாளர், மீசைக்கார ஹேகலேதான். உன் அப்பா நேரில் போய்க் கேட்டார். அந்த மனிதர் அடுப்படியில் நின்றபடியே சொன்னாராம்: “ஆல்பிரெக்ட்டு, எம் பேத்தி பஸ்ல தொங்கிக்கிட்டே போன்ல விமானத்துக்கு சீட்டு போடுறா. நான் நாளைக்கு எத்தன ரொட்டி சுடணும்னு பாக்க மாடியேறி உன் பொட்டி முன்னாடி கைகட்டி உக்காரணுமா? எனக்கு வயசாச்சுய்யா. உன் பொட்டிக்கு என்னையும்விட வயசாச்சு.”

மென்பொருளைக் கைபேசிக்கு மாற்றி எழுத வேண்டும். எழுத ஆள் இல்லை. பதினான்கு மாதமாக விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் காப்பியைக் குடித்துவிட்டு ஸ்டுட்கார்ட் கார் கம்பெனிக்குப் போய்விட்டான். இன்னொருவன் நம் மென்பொருளின் உட்புறத்தை அரை மணி நேரம் பார்த்தான், முகம் வெளுத்தது, “இதைத் தொல்பொருள் துறைக்குச் சொல்லியிருக்கலாமே” என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனான். ஆறு வருடத்துக்கு முன்பு இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ இதே நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக எழுதலாம் என்று சொன்னபோது உன் அப்பா என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், கதவை எப்படிச் சாத்தினாய் என்பதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. அந்தக் கதவின் கீல் இன்றுவரை சரியில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஆக மிச்சமிருப்பது ஒரே வழி: வேலையை வெளியே கொடுப்பது. இதைச் சொன்னதும் உன் அப்பா என்னை மாதாகோயிலுக்குத் தீ வைக்கச் சொன்னவனைப் பார்ப்பது போல் பார்த்தார். “வெளிய குடுக்குறதா? உன் பல்ல கழட்டி வெளிய குடுத்து தேய்ச்சிட்டு வரச் சொல்லுவியா மச்சான்?” என்றார். பல் வைத்தியரிடம் போகிறோமே மாப்ள என்றேன். “அவரு வேரத் தொடுறப்ப நான் வாயத் தொறந்துக்கிட்டு கூடவே இருக்கேன்ல” என்றார். இந்த வாதம் ஆகஸ்ட் முழுவதும் நடந்தது. என் தங்கை பன்னிரண்டு வருடத்தில் இந்த மனிதரிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனாள். நான் முப்பத்தோரு வருடமாகக் கூட்டுத்தொழில் நடத்துகிறேன். எனக்கு எந்த நீதிமன்றமும் கருணை காட்டவில்லை.

ஹேகலே போன மறுநாள் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு நின்றிருந்தால் அவர் உன் அப்பாவே அல்ல. முதலில் சின்னதாக ஒரு துண்டைக் கொடுப்போம், கைபேசியில் ஒரே ஒரு திரை, யார் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்றேன். “யாராவது அரைப் பாலம் கட்டிப் பாத்துட்டு மிச்சத்துக்கு யோசிப்பாங்களா?” என்று வாயை அடைத்துவிட்டார். முழு வேலை, ஒரே விலை, ஒரே தேதி. அதற்கு ஒரு விவரப் புத்தகம்: நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், கையால் எழுதி, நம் அலுவலக ட்ராவுட்டே அக்காவிடம் தட்டச்சுக்குக் கொடுத்து. அக்காவுக்கு வயது அறுபத்தேழு. அதை முடித்தபோது நூற்று நாற்பது ஆகிவிட்டிருந்தது.

டெண்டர் வைத்திருக்கிறோம், டோர்லே. பதினோரு பேர் வேலை செய்யும் கம்பெனி, ஏதோ ரைன் நதிக்குக் குறுக்கே அணை கட்டுவது போல. குழு மூன்று பேர்: உன் அப்பா, நான், ட்ராவுட்டே அக்கா. விண்ணப்பங்களில் பெயர்களையெல்லாம் அக்கா கறுப்புத் தாள் ஒட்டி மறைத்து அ, ஆ, இ, ஈ என்று எழுத்துப் போடுவார். விண்ணப்பிப்பவர்கள் யாரோடும் டெண்டரைப் பற்றிப் பேச மாட்டேன் என்று மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பட்டியலில் உங்கள் பட்டறையைச் சேர்த்தவன் நான்தான். அக்காவுக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெரியாதவர் போல் இருந்துவிட்டார். உன் அப்பாவுக்குத் தெரியாது.

எனவே இது டெண்டர் பற்றிய கடிதமே அல்ல. ஒரு மாமா மருமகளுக்கு எழுதும் குடும்பக் கடிதம். இதில் பொதுவாக, வானிலை பற்றிச் சொல்வது போல ஒன்று சொல்கிறேன். மதிப்பெண் அட்டவணையில் ‘முடிக்கும் தேதி உறுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா’ என்ற வரிக்கு மட்டும் இருபது புள்ளி. மற்ற எதற்கும் இத்தனை கிடையாது. எட்டு மாதம் என்று ஒரு வரி எழுதுகிறவன் பிழைப்பான். உன்னை எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் படித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று உண்மையை எழுதி வைப்பாய். எழுதாதே. எட்டு என்று போடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்ததும் உன் அப்பா கணினியில் முதலில் பார்ப்பது போர்ட்டோவின் வானிலை. நம் ஊர் வானிலையை அவர் பார்ப்பதில்லை. நனைந்துகொண்டு வருகிறார்.

ஸ்வாபியாவின் எல்லா பேக்கரிகளின் சார்பிலும் உன்னை ஆசீர்வதிக்கும்,
மாமா எபர்ஹார்ட்

---

ஓபர்லிங்கன்,
டிசம்பர் 4, 2017

நேர்மையின் சிகரமும் மாமனின் எமனுமாகிய டோர்லேவுக்கு,

குழுவிலிருந்து துரத்தப்பட்டு, மானம் மரியாதை இழந்து, மூன்றாம் மாடியில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் சிறைவைக்கப்பட்டிருக்கும் உன் மாமா எழுதுவது. முழங்கால் தேவலை. மற்ற எதுவும் தேவலை இல்லை.

என் கடிதத்தை நீ என்ன செய்வாய் என்று பலவிதமாக யோசித்திருந்தேன். கிழிப்பாய், சிரிப்பாய், திட்டிப் பதில் போடுவாய். அதை நகலெடுத்து, ‘குழு உறுப்பினர் ஒருவரிடமிருந்து எங்களுக்கு வந்த தகவல், பிற விண்ணப்பதாரர்களுக்கு அநீதி நேராதிருக்க இத்துடன் இணைத்துள்ளோம்’ என்று முத்திரை குத்தி டெண்டர் குழுவுக்கே அனுப்புவாய் என்று யோசிக்க எனக்கு மூளை போதவில்லை. பூமியில் இப்படிச் செய்யக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் போர்ட்டோவில் இருக்கிறார். மற்றவர் கடிதத்தைக் குழுவின் முன் உரக்கப் படித்தார்.

ஆமாம், படித்தார். நின்றுகொண்டு. முழுவதையும். என் தங்கையின் விவாகரத்து, நூற்று நாற்பது வயது அக்கா, தொல்பொருள் துறை, எல்லாம் ஒன்றுவிடாமல், விலைப்பட்டியல் வாசிக்கும் குரலில். ட்ராவுட்டே அக்கா என்னைப் பார்த்து, “எபர்ஹார்ட் தம்பி, எனக்கு நூத்தி நாப்பதா? உங்க தலையில முடி எண்ணுனா அந்தக் கணக்கு சரியா வரும்” என்றார். நான் எழுதிய கடிதம் எனக்கு மனப்பாடம். அதனால் கவனித்தேன்: கடைசிக்கு முந்தின பத்தியை உன் அப்பா படிக்கவில்லை. போர்ட்டோ வானிலை பற்றியதை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதிலிருந்து நேராக ‘ஆசீர்வதிக்கும்’ என்பதற்குப் போய்விட்டார். ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. அப்புறம் கடிதத்தை மடித்து, கோப்பில் வைக்காமல், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கோப்பில் வைக்கிற மனிதர்.

பிறகு எனக்குத் தண்டனை. “மச்சான், நீ கையெழுத்துப் போட்டிருக்க” என்றார். போட்டேன் மாப்ள என்றேன். “அப்ப எழுந்துரு” என்றார். எழுந்தேன். முப்பத்தோரு வருடக் கூட்டு, அவ்வளவுதான் பேச்சு.

இனி எந்தச் சத்தியமும் என்னைக் கட்டாது என்பதால் நடந்ததை முழுவதும் சொல்கிறேன். அக்கா எனக்குச் சொன்னது இது. சொல்லும்போது அழுதார். ஆனால் ஜலதோஷம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

நான்கு விண்ணப்பம். ‘அ’ வெறும் வண்ணப்படங்கள். ‘ஈ’ நம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது. பேக்கரி என்பதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் மருந்துக்கடை என்று வருகிறது. ‘ஆ’ ருமேனியாவில் டிமிஷ்வாரா நகரத்துக் கம்பெனி. ஒழுங்கானது. எட்டு மாதம், தேதியோடு, கிழமையோடு. ‘இ’ யார் என்று உனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தில் எழுதியிருந்ததாம்: ‘இந்த மென்பொருளில் புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் இருக்கும் என்று நினைக்கிறோம். முதல் மூன்று மாதம் அதை எழுதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்போம். அதற்குப் பிறகே தேதி சொல்ல முடியும். ஒரே விலையாகவும் சொல்ல முடியாது. மாதாமாதம், துண்டு துண்டாக, பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.’

எழுதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து! டோர்லே, பத்தாயிரம் மைல் நாக்கை நீட்டி உன்னைத் திட்டலாமா, உன் காலில் விழலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பங்கள் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி. உன் அப்பாவின் விதி. ‘இ’ மட்டும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை ஓரத்தில் காப்பிக் கறையோடு திரும்பி வந்தது. உன் அப்பா உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார், முடிக்கும் தேதி என்ற வரியில் உங்களுக்குப் பூஜ்யம் போட்டார். மையால். அக்காவால் தாங்க முடியாமல், “ஆல்பிரெக்ட் தம்பி, இவங்க சொல்றதுதான நெசம்? உங்களுக்கே தெரியும்ல?” என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னாராம்: “நெசம்தான் அக்கா. ஆனா அட்டவணையில நெசத்துக்குன்னு ஒரு வரி நாம போடல. இப்ப போட்டா அது இவங்களுக்காகப் போட்ட மாதிரி ஆயிடும்.”

‘ஆ’ எழுபத்தொன்று. ‘இ’ அறுபத்தெட்டு. நான் குழுவில் நீடித்து, உறுப்பினராக என் பங்குக்கு இருந்த பத்துப் புள்ளியை உங்களுக்குக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அதாவது, நான் உனக்குக் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால். இந்த ஒரு வாக்கியத்தில் மிகை எதுவும் இல்லை. தேடாதே.

இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. புத்தகத்தின் நானூற்றொன்பதாம் பக்கம்: தோற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். எழுதினால் குழு எல்லாவற்றையும் மறுபடி எடைபோட்டே ஆக வேண்டும். கடைசி நாள் டிசம்பர் பதினெட்டு. ஒரே வரி போதும். ‘நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுது. அட்டவணை தப்பு என்று எழுது. அவர் தப்பு என்று எழுது, எனக்கென்ன! உன் அப்பாவால் தானாக விதியை மீற முடியாது. யாராவது விதிப்படி அவரைத் தடுத்தால்தான் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட்டின் முதல் மெழுகுவத்தியை நேற்று ஏற்றினோம். அக்கா பிஸ்கோத்து சுட்டு வந்தார். உன் அப்பா இரண்டு எடுத்துக்கொண்டார், ஒன்றைத் தின்றார்.

எழுது, மகாராணி. கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்,
பதவி பறிக்கப்பட்ட மாமா எபர்ஹார்ட்

---

ஓபர்லிங்கன்,
மார்ச் 12, 2018

அன்புள்ள டோர்லேவுக்கு,

பட்டங்கள் சூட்ட இந்த முறை கை வரவில்லை. நீயே இரண்டு மூன்று சேர்த்துப் படித்துக்கொள்.

நீ எழுதவில்லை. கோபமில்லை எனக்கு. முடிவை மதிக்கிறோம், வாழ்த்துகள் என்று உங்கள் பட்டறை அனுப்பிய இரண்டு வரி அட்டையைப் பார்த்தேன். அது யார் கையெழுத்து என்று எனக்கும் தெரியும், அதைக் கையில் வாங்கியவருக்கும் தெரியும். ஆனால் டிசம்பர் பதினெட்டு எப்படிப் போயிற்று என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தபால்காரர் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் வருவார், பதினொன்றரைக்கு. உன் அப்பா அன்று தபால்பெட்டிக்கு நாலு தடவை போனார். மூன்று மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை. பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார் என்று அக்கா சொல்கிறார். பத்தொன்பதாம் தேதி காலை டிமிஷ்வாராக்காரர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓவிடியு என்று ஒரு பையன் தலைமை. முப்பது வயதிருக்கும். என்னைவிட நல்ல ஜெர்மன் பேசுகிறான். தினமும் காலை ஒன்பது மணிக்குத் திரையில் வந்து வணக்கம் சொல்லி, கேள்விப் பட்டியலைத் திறப்பான். பட்டியல் உன் அப்பாவின் ஏற்பாடு: இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில், இரு தரப்புக் கையெழுத்து. எல்லாக் கேள்விக்கும் பதில் நிறைந்தால்தான் ஒப்படைப்பு முடிந்ததாகக் கணக்கு. அன்றைக்குத்தான் எட்டு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

ஜனவரியில் உன் அப்பா ஒரு நாளைக்கு மூன்று கேள்வி முடித்தார். பிப்ரவரியில் ஒன்று. நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். பையன் கேட்பது ஒற்றை வரி. இவர் பதில் பைபிளில் பாதி. இந்த வரியை எந்த வருடம் எழுதினார், அன்றைக்கு எந்த பேக்கரியில் என்ன நடந்தது, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாளில் பிரெட்சல் ஏன் கூடுதலாக விற்கிறது. அழுகிற பிள்ளைக்கும் வாங்கித் தருகிறார்கள், சிரிக்கிற பிள்ளைக்கும் வாங்கித் தருகிறார்கள் என்று சொல்லும்போது அவரே கொஞ்சம் சிரித்தார். பையன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறான். ஒருநாள் அவன் என்னிடம் தனியாகக் கேட்டான்: “ஐயா, இதெல்லாம் புத்தகத்துல ஏன் இல்ல?” நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இடம் போதவில்லை தம்பி என்றேன்.

ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் உன் அப்பா அளவுகோலை வைத்து அடியில் கோடு போடுகிறார். மெதுவாக. அந்தக் கோடு போடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து அறைக்கு, என் அரண்மனைக்கு, போய்விடுகிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எல்லாக் கேள்வியும் முடிந்துவிட்டது. ஒன்றைத் தவிர. எண் அறுபத்தொன்று.

மென்பொருளில் ஒரு மூலையில் பதினேழு வரிகள் இருக்கின்றனவாம். மேலே விளக்கம் எதுவும் இல்லை, ‘டோ.’ என்று மட்டும் ஒரு குறிப்பு. வியாழக்கிழமைகளில், அதுவும் எல்லா வியாழனும் இல்லை, சில கடைகளுக்கு மட்டும், ரை தானிய ரொட்டியின் எண்ணிக்கையை அது லேசாகக் குறைக்கிறது. பையன்கள் அதைத் தேவையில்லை என்று எடுத்துப் பார்த்தார்கள். பழைய வருடங்களின் விற்பனையோடு ஒப்பிட்டால், அது இல்லாமல் கணக்கு மோசமாகிறது. வைத்தால் சரியாகிறது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஓவிடியு கேட்டான்: “இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றீங்களா?”

உன் அப்பா கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: “அது என்னோடது இல்ல.”

பையன் பாவம், நல்ல எண்ணத்தோடு, “யாரோடதுன்னு சொன்னா நாங்களே பேசிக்கிறோம்” என்றான். உன் அப்பா, “அவங்க இப்ப இங்க வேலை செய்யல” என்றார். பதில் கட்டத்தில் ‘பின்னர்’ என்று எழுதினார். அது பிப்ரவரி ஐந்து. இன்றைக்கு ஐந்து வாரம். பின்னர் என்பது இன்னும் பின்னராகவே இருக்கிறது.

அது புரியாமலேயே அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடலாம் என்று டிமிஷ்வாராவில் சொன்னார்கள். முடியாது என்றார். எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்கு இன்னும் பலமாக முடியாது என்றார். நான் போய், மாப்ள, தொண்ணூற்றாறு எண்பத்தெட்டாகிவிட்டது, இன்னும் ஒரு மாதம் இழுத்தால் கைபேசி வருவதற்குள் பேக்கரியே மிஞ்சாது, அவளுக்கு ஒரு போன் போடு, ஒரே ஒரு கேள்விதானே என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அவகிட்ட என்னன்னு கேப்பேன் மச்சான்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீ எழுதுனதுல ஒண்ணு எனக்குப் புரியலன்னா? அன்னைக்கி என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும்ல. இது பூரா என் கைக்குள்ள இருக்கு, உன் தயவு எனக்கு வேண்டாம்னு சொன்னேன்.” நான் கேட்கிறேன் என்றேன். “நீ கேக்காத. உன் கடுதாசி ஒரு தடவ போதும்” என்றார்.

ஆக, கேட்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. டோர்லே, நான் வாழ்நாள் முழுவதும் வாயால் பிழைத்தவன். மழையில் குடை விற்பவனிடம் மழையை விற்றிருக்கிறேன். மூன்று மாநிலத்து பேக்கரிக்காரர்களைச் சிரிக்க வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு மனிதரிடமும் உன்னிடமும் மட்டும் என் சரக்கு செல்வதில்லை. நான் ஏதாவது செய்தால் கெடுகிறது. சும்மா இருந்தாலும் கெடுகிறது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

பதினேழு வரி என்ன என்று நானாக நூறு காரணம் கற்பனை செய்துவிட்டேன். வியாழக்கிழமை பாதிரியார்கள் பட்டினி கிடக்கிறார்களா? மலைக்கு அந்தப் பக்கம் வியாழன் சந்தையில் யாராவது மலிவாக ரொட்டி விற்கிறார்களா? பள்ளிக்கூட விடுமுறையில் நீ ஹேகலே கடையில் கல்லாவில் நின்றாயே, அப்போது எதைப் பார்த்தாய்? நீ என்ன பார்த்தாய் என்று உன்னிடம் அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அப்போது யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் உன் அப்பாவின் மேதைமையை அளந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு, மறந்துவிட்டுப் போன மேல்கோட்டை எடுக்க அலுவலகத்துக்குத் திரும்பி வந்தேன். உன் அப்பா தன் மேஜை முன்னால் இருந்தார். திரையில் அந்தப் பதினேழு வரி. காகிதத்தில் கையால் அவற்றை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் ஏதோ எழுதி அழித்து, எழுதி அழித்து, காகிதம் நடுவில் கிழிந்தே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை. “நல்லா எழுதியிருக்கா மச்சான்” என்றார். “ஒரு வரி கூடுதலா இல்ல.” அவ்வளவுதான் சொன்னார். மேல்கோட்டை எடுக்காமலே நான் வீட்டுக்குப் போய்விட்டேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

டெண்டர் முடிந்துவிட்டது. இனி எந்த விதியும் உன்னைத் தடுக்காது. அட்டவணை இல்லை, புள்ளி இல்லை, வேறு எந்த விண்ணப்பதாரருக்கும் அநீதி இல்லை. பார்த்தாயா, உனக்காக உன் மொழியிலேயே பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்தப் பதினேழு வரி என்ன என்று எனக்கு எழுதாதே. நான் எழுதி வாங்கினால் அது ஓவிடியுவின் பட்டியலுக்குப் போய்விடும், உன் அப்பா ஒரு கோடு போட்டு மூடிவிடுவார், ஒப்படைப்பு முடிந்துவிடும். அப்புறம் காலை ஒன்பது மணிக்கு அவருக்கு ஒன்றும் இல்லை. டிமிஷ்வாராவுக்கும் எழுதாதே. உன் அப்பாவின் மேஜை போன் எண் மாறவில்லை. முதல் மணியிலேயே எடுப்பார். எடுத்ததும் பேச மாட்டார், உனக்குத் தெரியும். நீதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை என்று மட்டும் சொல், போதும். அவசரப்பட்டு முழுவதையும் சொல்லிவிடாதே, கண்ணு. முடிந்தால் ஒரே நாளில் சொல்லி முடித்துவிடாதே.

இதைத் தபாலில் போட அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் கூரையும் தட்டில் சூடாக ஏதாவதும் இருக்கட்டும். உன் கை எழுதுவதெல்லாம் ஓடட்டும்.

உன் மாமா,
எபர்ஹார்ட்